நான் உடைத்த பவளம்

அக்டோபர் 4, ஞாயிறு
பூசையில் முழங்கால் போட முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் நடேஜ் மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். "அப்பா, கடல் ஏறிட்டு வருது, அம்மா கல்லறையை மேட்டுக்கு மாத்திடலாம். புதுக் கல்லறைத்தோட்டத்துல இடம் தர்றாங்க. பத்து நாள்ல கையெழுத்துப் போடணும்."

கடல் எங்கே, ஜெர்மென் எங்கே? அவள் பக்கத்தில் எனக்கும் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். மேட்டில் அதெல்லாம் நடக்காது, இறக்கிற வரிசையில்தான் குழி. செத்தவளைக் கிளப்பிக்கொண்டு போவதா? "இந்த அடம் எங்க கத்துக்கிட்டே?" என்று மகள் கத்திவிட்டுப் போனாள். தேங்காய்ப்பாலில் வாழைப்பழம் போட்டுச் செய்துவைத்த லாதோப் ஆறிப்போனது.

அக்டோபர் 7
பெரிய தீவு மாஹேயிலிருந்து ஒதில் என்றொரு பெண் ஆராய்ச்சிக்கு வந்திருக்கிறாள். கருங்கல் பாறைகளில் ஒட்டியிருக்கும் பழைய பவளத்தைத் தேட வழிகாட்டியாக என்னைப் பிடித்துக்கொண்டாள். பவளம் தண்ணீருக்குள்தானே வளரும், அது எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கும் மேலேதான் அன்றைய கடல் என்கிறாள். ஒரு லட்சத்து இருபதாயிரம் வருடம் முன்னாலாம்.

"அப்பவும் உலகம் ஏறக்குறைய இப்ப மாதிரிதான் சூடா இருந்துச்சு, மாமா. துருவத்துப் பனி உருகிடுச்சு."

இன்று கிடைத்ததில் உயரமானது இப்போதைய கடல்மட்டத்துக்கு மேலே ஒன்றரை மீட்டர். கல்லறைத்தோட்டத்தையும் அளக்கச் சொன்னேன். இரண்டரை!

நடேஜிடம் போய், "பாத்தியா? அம்மா இருக்கிற உயரத்துக்குக் கடல் வராது" என்றேன்.

அக்டோபர் 8
சொல்லவா, வேண்டாமா?

அக்டோபர் 12
ஜெர்மென் இறந்த வருடம் நடந்தது இது. இறந்தோர் திருநாளுக்குக் கல்லறைக்கு வெள்ளையடிக்க வேண்டும். கடைச் சுண்ணாம்பு அடித்தால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். பவளத்தைச் சுட்டுத்தான் அடிக்கணும். கடலில் உயிரோடிருப்பதை எடுக்கத் தடை. செத்ததை எடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று, பெரிய பாறையின் உச்சி இடுக்கில் ஏறி இரண்டு சாக்கு உடைத்து வந்தேன். அந்தச் சுண்ணாம்புதான் இன்னும் வருடாவருடம் அடிக்கிறேன்.

ஒதில் நாளை கிளம்புகிறாள். அந்த உச்சியைப் பற்றி நான் சொல்லாவிட்டால் ஒன்றரை என்றே எழுதிவிடுவாள். ஐயோ, ஜெர்மென், நான் என்ன செய்ய?

அக்டோபர் 13
ஒதிலுக்கு அந்த இடுக்கைக் காட்டிவிட்டேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உளியின் தழும்புக்கு நடுவே கட்டைவிரல் அளவு பவளம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏழு மீட்டர், மாமா."

"எப்ப வரும்?"

"ஒரே நாள்ல வராது. நூத்துக்கணக்கான வருஷம் ஆகலாம். ஆனா ஏற ஆரம்பிச்சாச்சு."

மத்தியானம் கையெழுத்துப் போட்டேன். நடேஜ் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும்தான்.

அக்டோபர் 27
இன்று ஜெர்மெனை எடுத்தார்கள். பெட்டி தண்ணீரில் கிடந்தது. மழை பெய்து மூன்று வாரமாகிறது.

குழி வெட்டும் லூசியன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "இந்த வரிசையே இப்படித்தாண்ணே. கடல் ஏறினா மண்ணுக்கடியில தண்ணி ஏறி குழியிலயும் நிக்கும். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்."

மேலே நான் வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். கீழே அவள் எத்தனை வருடமாக நனைந்துகொண்டிருந்தாளோ.

நவம்பர் 2
மேட்டில் முதல் வெள்ளையடிப்பு. கடைச் சுண்ணாம்புதான். யாரும் சிரிக்கவில்லை.

ஜெர்மென் பக்கத்துக் குழியில் போன வாரம் இறந்த மீனவர் ஒருவரை வைத்துவிட்டார்கள். அவருக்கு யாரும் வந்ததாகத் தெரியவில்லை. மிச்சச் சுண்ணாம்பை அவர் கல்லறைக்கு அடித்துவிட்டு வந்தேன்.