பாப்பா எடுத்த முக அட்டை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் பாப்பாவும் எப்படி? என் அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா?

பாப்பாவைச் சேர்த்திருக்கிறாயே பாலர் பள்ளி, அதன்மேல் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. காசு வாங்காமல் சோறும் போட்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு நாள் முழுக்க விளையாட்டுக் காட்டுகிறார்கள் என்றால் யார் நம்புவார்? போதாததற்குத் தினமும் காலையில் சிரிக்கிற முகம், அழுகிற முகம் என்று அட்டைகளைப் பரப்பி, "இன்னைக்கு நீ எப்படி இருக்கே? ஒண்ணு எடு" என்று டீச்சர் கேட்கிறாராம். குழந்தையின் வாயைக் கிளறி வீட்டு விஷயத்தைக் கறக்கிறார்களோ என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டுதானே இருந்தேன்? நீயே நம்பிவிட்டாய். பாப்பாதான் பள்ளியிலிருந்து கொண்டுவந்திருந்த ஓர் அட்டையைத் தூக்கி, "அப்பா பொய்யா சிரிக்கிறாரும்மா. அப்பாவுக்கு இந்த மூஞ்சிதான்" என்றாள். வலியில் சுளிக்கிற முகம். சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. கம்பெனியில் பெட்டி கட்டும் இயந்திரத்தில் இடது கைவிரல் கொஞ்சம் நசுங்கிவிட்டது. தையல் போட்டாயிற்று, பயப்படாதே. ஆனால் கையை நான் கேமரா பக்கம் காட்டவே இல்லையே!

அந்த டீச்சர் இன்னும் என்னென்ன சொல்லித் தருகிறார் என்று விசாரி. ஒருநாள்கூட பாப்பாவை லீவு போட வைக்காதே.

கீழே கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. அந்த அட்டைகள் கடையில் கிடைத்தால் ஒரு செட் அனுப்பு. இங்கே காலையில் யாரும் கேட்பதில்லை, நானே ஒன்று எடுத்துக்கொள்கிறேன்.

பாப்பாவின் அப்பா