முதல் பீஸ் யார் வீட்டுக்கு?

மாமு,

இன்று காலை, நாம் இருவரும் சேர்ந்து தொடங்கிய பட்டறையின் மேஜைக்கு ஓர் இரும்புத் துண்டு வந்தது. கட்டைவிரல் நீளம்தான். சுற்றியிருந்த துணியைப் பிரித்ததுமே அந்த வாடை. பட்டாளத்திலிருந்து நீ கொண்டுவந்த பச்சை டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருமே, அதே துப்பாக்கி எண்ணெய் வாடை. நீ கண்ணை மூடிச் சில வருஷமாகிறது. ஆனாலும் வாசலில் நிற்கிறாயோ என்று திரும்பிப் பார்த்துவிட்டேன்.

கொண்டுவந்தவர் ஒரு கம்பெனி ஏஜென்ட். போருக்கென்று செய்த துப்பாக்கியாம், விசையைப் பிடித்தபடியே இருந்தால் நிற்காமல் சுடுமாம். சண்டை ஓய்ந்து பட்டாளம் வாங்குவதை நிறுத்திவிட்டது. இப்போது தானாகச் சுடுவதை மட்டும் எடுத்துவிட்டு, வெளிநாட்டுக் கடைகளில் பொதுமக்களுக்கு விற்கப் போகிறார்கள். ஓர் அழுத்துக்கு ஒரு குண்டு. அதற்கான துண்டை நாம் செய்து தர வேண்டும்.

"லைசென்ஸ் எல்லாம் பக்கா சார். இது ஆர்மி துப்பாக்கி இல்ல, ஸ்போர்ட்ஸ் துப்பாக்கி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவன் நீ. ராயபுரம் டீக்கடையில் இதே பேச்சு வந்தபோது கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னாயே: "ஒண்ணொண்ணா சுட்டா மட்டும் இன்னா மாமு? சாவுறவன் ஒரு தபாதான சாவுறான்!"

ஆனால் பட்டறை தள்ளாடுகிறது. எண்ணூர்ப் பக்கம் நமக்கு வேலை தந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பட்டறையை இப்போது நடத்துவது என் மகள் செல்வி. ஏஜென்ட் போன் பேச வெளியே போன நேரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, இத வுட்டா ஷட்டர இறக்க வேண்டியதுதான். வேற இன்னா வேல கீது நம்மகிட்ட?"

அவள் சொன்னதில் பொய்யில்லை.

அப்போதுதான் நீ போட்ட சட்டம் ஞாபகம் வந்தது. எந்தப் புது வேலையானாலும் முதல் பீஸை விற்கக் கூடாது, நம் இரண்டு வீட்டில் ஒன்றில் மாட்ட வேண்டும். "நம்ம வூட்ல ஒயுங்கா ஓடினா அப்பால ஊருக்குக் குடு" என்பாய். என் வீட்டுக் கைப்பம்பின் பிடியில் தேய்மானம் தாங்கும் புஷ் வளையம் அப்படி வந்தது. காசிமேட்டுப் படகுகளுக்குச் சுழல்கொக்கி செய்தோமே, அதன் முதல் பீஸை என் வீட்டு உத்தரத்தில் நீதான் மாட்டினாய், அப்போது கைக்குழந்தையாக இருந்த செல்வியின் தொட்டிலுக்கு.

ஏஜென்ட் உள்ளே வந்ததும் கேட்டேன். "சார், எங்க பட்டறையில மொத பீஸ எங்க வூட்லதான் மாட்டுவோம். இத எங்க மாட்றது?"

"இத வீட்ல வச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று சிரித்தார்.

நான் வாயைத் திறக்கும் முன்பே செல்வி அந்தத் துண்டைத் துணியில் சுற்றி அவர் கையில் வைத்துவிட்டாள். "எங்க வூட்ல மாட்ட முடியாதது எங்க பட்டறையில எதுக்கு சார்? எடுத்துகினு போங்க."

"வேற பட்டறையில செய்வாங்கம்மா."

"செய்யட்டும். எங்க மெஷினு இதுக்கு ஓடாது."

அவர் போய்விட்டார். மத்தியானம் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதம் ஷட்டர் இறங்கலாம். இறங்கினால் இறங்கட்டும், போடா! நீ மாட்டிய கொக்கியில் இப்போது செல்வியின் பிள்ளை தூங்குகிறான். தொட்டிலை ஆட்டிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். அண்ணாந்து அந்தக் கொக்கியைப் பார்க்க எனக்குக் கூச்சமில்லை, மாமு.