அத்தான் மூச்சு வாங்கும் இடம்

அன்பின் அத்தானுக்கு,

நீங்கள் கண்மூடி ஒரு வருஷமாகிறது. துறைமுகத்துக் குளிர்காற்று இனி உங்கள் நெஞ்சை ஒன்றும் செய்ய ஏலாது. அதனால் சுகம் விசாரிக்கவில்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன். ரீட்டாவுக்கு வருகிற மாதம் கலியாணம். மாப்பிள்ளைக்குச் சீனன்குடாவில் வேலை. சாதுவான ஆள், ஆடத்தான் தெரியாது. உங்கள் மகள் பழக்குகிறாள்.

விருந்து ஓர்ஸ் ஹில் மண்டபத்தில். முதல் ஆட்டத்துக்கு நீங்களும் நானும் வாசித்த அந்தப் பழைய ஜாஸ் மெட்டுத்தான் வேண்டும் என்று நிற்கிறாள். "அப்பா வாசிச்ச மாதிரியே இருக்கவேணும், மாமா. ஒரு இடமும் மாத்தக் கூடாது." நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

உங்கள் இடத்துக்கு டெரன்ஸ் என்று ஒருவன் வந்திருக்கிறான். சாக்ஸபோனை நன்றாகவே ஊதுகிறான். சொன்னால் கோபிக்காதீர்கள், உங்களுடையதைவிட நல்ல நெஞ்சு. ஆனால் பங்குபோடத் தெரியாது. முதல் சுற்றில் மெட்டு அவனுக்கு, அதற்கு அடியில் கிற்றாரில் சேர்ந்தொலிக்கும் கோர்ட்ஸ் எனக்கு, அது சரி. இரண்டாம் சுற்றில் என் கிற்றார் மெட்டை எடுக்கும்போதும் அவன் மேலேயே நின்று ஊதினான். நீங்கள் எனக்குச் சொன்னதையே அவனுக்கும் சொன்னேன்: "நான் மேல போனா நீ கீழ நில்லு. நீ மேல வந்தா நான் கீழ நிக்கிறன். ரெண்டு பேரும் ஒரே கதிரையில இருக்க ஏலாது." பிடித்துக்கொண்டான். இப்போது என் மெட்டுக்கு அடியில் ஒற்றைச் சுரத்தை நீளமாகப் பிடிக்கிறான். ஆனாலும் பக்கத்தில் நீங்கள் இல்லாத மேடை எனக்குப் பிடிக்கவில்லை.

மற்றச் சங்கதிதான் பெரியது. மெட்டின் மூன்றாவது அடியின் நடுவில் நீங்கள் நிறுத்துவீர்களே, அந்த இடம். இழுப்பு வந்த பிறகு அந்த அடியை ஒரே மூச்சில் முடிக்க உங்களால் ஏலாமல் போனது. முதல் தரம் நீங்கள் நின்றபோது நான் பதறி, கிற்றாரால் இட்டு நிரப்பினேன். முடிந்ததும் ஏசினீர்கள். "நிரப்பாத. நான் நிப்பாட்டினா சனம் அதில திரும்புது, பார்." உண்மைதான். சோடிகள் அந்த இடைவெளியில்தான் சுழன்று திரும்பினார்கள். பிறகு மெட்டு என்னிடம் வரும்போது நானும் அங்கே நிறுத்தினேன். கம்பிக்கு எதற்கு மூச்சு?

சனிக்கிழமை ஒத்திகையில் டெரன்ஸ் அந்த இடத்தையும் ஊதிக் கடந்துவிட்டான். ரீட்டா தடுமாறித் திரும்ப, மாப்பிள்ளை நேரே வர, இருவர் நெற்றியும் முட்டிக்கொண்டன.

"நான் என்ன பிழை விட்டனான், அண்ணன்?" என்றான் டெரன்ஸ்.

"அதில நிப்பாட்ட வேணும்."

"ஏன்? எனக்கு மூச்சுப் போதுமே."

அதோடு ஒத்திகையை முடித்துக்கொண்டேன்.

அன்று அக்காவும் வந்திருந்தா. நீங்கள் போன பிறகு வாத்தியச் சத்தம் கேட்கிற பக்கமே வராதவ. வீட்டுக்குப் போகும் வழியில் என்னைப் பிடித்துக்கொண்டா. "அந்தப் பொடியன் ஊதினபடியே ஊதட்டும், தம்பி. அவர் அதில நிப்பாட்டுற நேரமெல்லாம், அடுத்த மூச்சு வருமோ எண்டு நான் செத்துச் செத்துப் பிழைச்சனான். இனியும் அதைக் கேக்க என்னால ஏலாது."

ஊரெல்லாம் அதை ஆட்டத்தின் அழகு என்று கொண்டாடியது, நானும்தான். அக்கா பட்ட பாடு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா, அத்தான்?

மகளுக்கு அது வேண்டும், தாய்க்கு அது வேண்டாம். நடுவில் நான். யோசித்து யோசித்துத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

நேற்று மறுபடி வாசித்துப் பார்த்தோம். டெரன்ஸ் அந்த இடத்தில் நிறுத்தினான். மெட்டை நான் தொடவில்லை. கீழே ஒரேயொரு கோர்டை மெல்லத் தடவி, அவன் திரும்ப ஊதும்வரை சத்தம் அறாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். ரீட்டா சரியாகத் திரும்பினாள். மாப்பிள்ளையும் எப்படியோ திரும்பிவிட்டார். வாசலோரக் கதிரையில் அக்கா இருந்தா. சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்த அவவின் கை மெல்ல மடியில் இறங்கியது.

நிரப்பாதே என்றீர்கள். நிரப்பவில்லை, அத்தான். நீங்கள் நிறுத்தும் இடம் கலியாணத்தன்றும் அதற்குப் பிறகும் அப்படியே இருக்கும், அது என் பொறுப்பு. ஆனால் அக்காவை அதில் தனியே விடமாட்டேன்.

இப்போதும் உங்களுக்குக் கீழே நின்று வாசிக்கும்,
உங்கள் மனைவியின் தம்பி