நட்சத்திரங்கள் வாங்கிய ஜோரியெலின் மௌனம் குறித்து

அனுப்புநர்:
திருமதி லியோன்டீன் டுவெர்னே,
ஏழாம் வார்டு, நியூ ஆர்லியன்ஸ், லூசியானா.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
குழந்தைகள் மனநலச் சேவைப் பிரிவு, நியூ ஆர்லியன்ஸ்.

பொருள்: சிறுமி ஜோரியெல் பிகூவின் சிகிச்சை நிறைவடைந்தது என்ற முடிவைத் திரும்பப் பெறக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. முதலில் ஒரு திருத்தம். தங்கள் அலுவலகக் கடிதம் என்னை ஜோரியெலின் பாட்டி என்றும், சிகிச்சைக்கு ஒத்துழைக்காதவள் என்றும் சொல்கிறது. இரண்டும் தவறு. நான் அவளுடைய ஞானத்தாய். எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே பேத்திக்கும் வழியில்லை. சிகிச்சை தொடர வேண்டும் என்று கேட்டுத் தங்கள் அலுவலக வாசலில் நின்றவளும் நான்தான்.

2. ஜோரியெலுக்கு எட்டு வயது. பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். சென்ற ஆண்டு ஞாயிறு ஊர்வலத்தில், வாத்தியக் குழுவின் பின்னால் ஊரே ஆடிக்கொண்டு போகையில், கூட்டத்தில் யாரோ சுட்டார்கள். அவள் தன் அப்பா டெல்மரின் தோளில் உட்கார்ந்திருந்தாள். டெல்மர் விழுந்த பிறகும் பெரிய முரசு சற்று நேரம் அடித்துக்கொண்டே இருந்தது. முன்னால் போனவர்களுக்குத் தெரியவில்லை. டெல்மர் போனதிலிருந்து அவள் என் வீட்டில்தான் வளர்கிறாள்.

3. அதன் பின் முரசுச் சத்தம் கேட்டாலே அவள் மேசைக்கு அடியில் போய்விடுவாள். எங்கள் பகுதியில் முரசு கேட்காத வாரம் கிடையாது. பள்ளியிலும் அப்படிப் போனாள்; பிடித்து இழுத்த ஆசிரியையின் கையைக் கடித்தாள். "கீழ்ப்படியாமை, வன்முறை" என்று பள்ளி எழுதியது. ஒரு வெள்ளைக்காரக் குழந்தை இதையே செய்திருந்தால் "பயம்" என்று எழுதியிருப்பார்கள். பிறந்தது முதல் இந்த ஊரில் வாழ்கிறேன். இதைக் கோபத்தில் சொல்லவில்லை.

4. அப்போது தாங்கள் சிகிச்சையாளராக மிஸ் வெர்லீன் டார்போனை அனுப்பினீர்கள். அதற்கு என் நன்றி என்றும் உண்டு. காலணியைத் துடைத்துவிட்டு வரச் சொன்னேன், துடைத்தார். பிறகு நான் காட்டிய நாற்காலியை விட்டுவிட்டு நேரே மேசைக்கு அடியில் நுழைந்தார். "கொஞ்சம் நகந்துக்கடி செல்லம், என் இடுப்பு உன் இடுப்பு மாதிரியா இருக்கு?" என்ற குரல் மேசை விரிப்புக்குக் கீழிருந்து வந்தது. பின்னாலேயே குழந்தையின் சிரிப்பும் வந்தது. அந்தச் சிரிப்பை என் வீடு அதுவரை கேட்டதில்லை.

மிஸ் வெர்லீன் எங்கள் தெருவில் வளர்ந்தவர். முரசு எங்களுக்கு என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் பழைய முரசு ஒன்றைக் கொண்டுவந்தார். அடிக்கச் சொல்லவில்லை, வைத்துவிட்டுப் போனார். ஜோரியெல் முதலில் அதன் தோலில் கை வைத்தாள். பின்னர் விரலால் தட்டினாள். ஒரு மாலை என்னிடம், "நனான், நான் அடிச்சா நானே நிறுத்திக்கலாம், தெரியுமா?" என்றாள். ஞானத்தாயை இங்கே நனான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

5. பிறகு மிஸ் வெர்லீனை வேறு பிரிவுக்கு மாற்றினீர்கள். புதிதாக வந்த திரு. ஹாலண்ட் மரியாதையுள்ள இளைஞர். அவரது அறையில் முரசுச் சத்தம் ஒலிக்கும். குழந்தை கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தால் ஒரு நட்சத்திரம் ஒட்டப்படும். ஜோரியெல் எல்லா நட்சத்திரங்களையும் வாங்கிவிட்டாள். "பாருங்க மேடம், இப்ப எவ்வளவு சமத்தா இருக்கா" என்றார். குழந்தை பேசுவதே இல்லையே என்றேன். நான் அப்படிச் சொன்னதைத்தான் ஒத்துழையாமை என்று எழுதியிருக்கிறார் போலும்.

6. சென்ற ஞாயிறு ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வந்தது. "என்ன மிஸ் லியோன்டீன், ஊரே தெருவுல கிடக்கு, உங்க வீட்டுல மட்டும் தவக்காலமா?" என்று எதிர்வீட்டு ஆல்சீட் கத்தினார். தெருவில் சாத்தியிருந்த ஒரே கதவு என்னுடையது. உள்ளே ஜோரியெல் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அசையவில்லை. முரசு கடந்து போன பிறகுதான் பார்த்தேன்: பாவாடை நனைந்திருந்தது. தங்கள் அலுவலகக் கணக்கில் அதுவும் ஒரு நட்சத்திரம்.

7. நான் படித்த கன்னியர் மடப் பள்ளியில் அமைதிக்கு நீல நாடா தருவார்கள். என் அம்மா இறந்த ஆண்டு முழுவதும் அது எனக்கே கிடைத்தது. கன்னியர் நல்லவர்கள், ஆனால் ஏன் பேசவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. நாடா தொலைந்துவிட்டது, அமைதி தங்கிவிட்டது. என் கணவர் அந்த அமைதியோடுதான் கடைசி வரை குடித்தனம் நடத்திவிட்டுப் போனார். இப்போது என் வீட்டில் அப்படி இரண்டு பேர் இருக்கிறோம். எனக்குப் பழகிவிட்டது. குழந்தைக்குப் பழகக் கூடாது.

8. ஆகவே மிஸ் வெர்லீனையே மீண்டும் என் வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். மேசைக்கு அடியில் போக என் முழங்கால்கள் இடம் கொடுத்திருந்தால் தங்களுக்கு இந்தத் தொந்தரவு தந்திருக்க மாட்டேன். ஜோரியெல் மறுபடியும் மேசைக்கு அடியில் போகும் நாள் வந்தால், அதை முன்னேற்றம் என்று பதிவு செய்ய வேண்டும் என்பதும் என் கோரிக்கை.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். பதிலை எழுத்தில் அனுப்பவும்.

இடம்: நியூ ஆர்லியன்ஸ்
நாள்: 12 நவம்பர் 2018

இப்படிக்கு,
(ஒப்பம்)
லியோன்டீன் டுவெர்னே