“யார் பிள்ளைங்க இது?”

9 ஜூன், ஞாயிறு
என் பெண்டாட்டி எப்சிபா சென்னையில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. தங்குவது ஹாஸ்டலில். ஞாயிறானால் பிள்ளைகளைச் சென்ட்ரலுக்குக் கூட்டிப்போகிறேன். பிளாட்பாரத்தில் இரண்டு மணி நேரம் அம்மாவோடு இருப்பார்கள். எங்கள் ஊர் ஆரம்பாக்கத்தில் சிரித்துக்கொண்டு ஏறுகிறார்கள். திரும்பும்போது சோபியா என் தோளைக் கடிக்கிறாள். மூன்று வயது. அம்மாவிடமிருந்து பிரித்துக்கொண்டு போகிறவன் நான்தானே.

16 ஜூன், ஞாயிறு
பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு எழுதுகிறேன்.

சென்ட்ரலில் வண்டி கிளம்பியதிலிருந்து சோபியா கத்தினாள். “அம்மாகிட்ட போணும். நீ வேணா.” எதிர் சீட்டுப் பெண் கேட்டாள்: “யார் பிள்ளைங்க இது?” என் பிள்ளைகள்தான் என்றேன். நம்பவில்லை. இரண்டும் அம்மா நிறம். நான் இறால் பண்ணை வெயிலில் கருகியவன்.

“பாப்பா, இவரு உங்க அப்பாவா?”

கோபத்தில் சோபியா “இல்ல” என்றாள்.

“புள்ள புடிக்கிறவன்” என்று எவனோ கத்தினான். சட்டையைப் பிடித்தார்கள். போனில் போட்டோ காட்டினேன். “போட்டோ யாரு வேணா எடுக்கலாம்” என்று சொல்லி ஒருவன் கன்னத்தில் அறைந்தான். “சொல்லுடா, நைனானு சொல்லுடா” என்று ஆல்வினிடம் கெஞ்சினேன். ஆறு வயதுப் பையன். டவுசரை நனைத்துக்கொண்டு நின்றான். வாய் திறக்கவில்லை.

அடுத்த ஸ்டேஷனில் இறக்கி போலீசிடம் விட்டார்கள். எப்சிபா டூட்டிக்குப் போய்விட்டாள், போன் எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். சோபியா என் மடியிலேயே தூங்கிப்போனாள் — புள்ள புடிக்கிறவன் மடியில எந்தப் புள்ளடா தூங்கும்?

கடைசியில் எப்சிபா பேசினாள். “ராபர்ட் என் வீட்டுக்காருதான் சார்.”

“கெளம்புப்பா” என்றார்கள். அவ்வளவுதான்.

17 ஜூன்
எப்சிபா போன் செய்தாள். முதல் கேள்வி: “இன்னா, குடிச்சிருந்தியா?”

குடியைத் தொட்டு ஐந்து வருஷம் ஆகிறது. அவளுக்கே தெரியும்.

20 ஜூன்
ஆல்வின் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

23 ஜூன், ஞாயிறு
போகவில்லை. சென்ட்ரலில் சாயங்காலம்வரை நின்றிருந்தாளாம். நிற்கட்டும்.

26 ஜூன்
சோறு ஊட்டும்போது ஆல்வின் கேட்டான்: “நைனா, நான் சொல்லாததாலதான் அடிச்சாங்களா?”

“இல்லடா” என்றேன்.

ஆனால் அன்றைக்கு அவன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. பெற்ற பிள்ளை, ஒரு வார்த்தை சொல்லலையேன்னு. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

30 ஜூன், ஞாயிறு
போனோம். எப்சிபா என் கன்னத்தைத் தொட வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பும்போது சோபியா வழக்கம்போல அழுதாள். ஆல்வின் ஜன்னலோரம் வேண்டாம் என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு, யாரும் கேட்காமலே, ஏறி வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தான்: “இவருதான் எங்க நைனா.” சுண்டல்காரரிடமும் சொன்னான். யாரோ சிரித்தார்கள்.

போதும்டா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆரம்பாக்கம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.