வீட்டுக்காரர்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்கிறீர்கள், அதற்குச் சாட்சியே கிடைத்துவிட்டது. போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் கண்ணாடிக் கடைக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஃபிரேம் மாற்ற வந்தார். பழைய ஃபிரேமின் இடுக்கெல்லாம் மணல். எங்கே போய் வந்தீர்கள் என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், கொட்டித் தீர்த்துவிட்டார். தீவுக்கு ஒருநாள் சுற்றுலாவாம். ஒன்பது மணிப் படகில் பன்னிரண்டு பேராம். டயரில் காற்றைப் பாதியாக இறக்கிக்கொண்டு ஜீப் மணல்மேட்டில் ஏறியதாம். ஆலாப் பறவைகள் வெறும் மணலில் முட்டையிட்டு உட்கார்ந்திருப்பதைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்களாம். அப்புறம் உப்பு ஏரி, கலங்கரை விளக்கம், தெற்குக் கிராமம், வடக்குக் கிராமம், பதினொரு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் என்று ஒன்றையும் விடவில்லை. வழிகாட்டி அம்மாவின் பேச்சை மட்டுமே கால் மணி நேரம் புகழ்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் அண்ணிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் சேர்ந்தே நடத்துறாங்க. அவர்தான் ஜீப் ஓட்டுறார். நல்ல ஜோடி."

அவருடைய கண்ணளவை இரண்டு முறை தப்பாக எழுதினேன்.

அண்ணி, அண்ணன் போய் நாலு வருஷம் ஆகிறது. நீங்கள் கடைசிவரை தனியாகவே இருக்க வேண்டும் என்று நான் என்றைக்காவது சொன்னேனா? ஆனால் இப்படி ஒரு செய்தியைக் கண்ணாடி வாங்க வந்தவரிடமிருந்தா நான் தெரிந்துகொள்ள வேண்டும்? பதினொரு வயதில் எனக்குத் தலைவாரிவிட்ட கைக்கு ஒரு வரி எழுத வரவில்லையா?

கோபத்துடன்,
உங்கள் வாலு

மார்ச் 11

அருமை வாலுவுக்கு,

உன் கடிதத்தைப் படகுத்துறையிலேயே பிரித்தேன். நான் சிரித்த சிரிப்பில் டிக்கெட் கிழிப்பவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அடி பைத்தியமே, அவர் வீட்டுக்காரர்தான். நான் குடியிருக்கும் வீட்டுக்குக் காரர். தெற்குக் கிராமத்து வீட்டின் பின்சுவர்வரை மணல் வந்தபோது வடக்குக் கிராமத்தில் ஒரு வீட்டின் பின்பகுதிக்குக் குடிவந்தேனே, நீகூடப் பெட்டி தூக்கி வந்தாயே, அந்த வீட்டுச் சொந்தக்காரர். அப்போது வலை பின்னிக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக எங்கள் ஜீப்பை ஓட்டுகிறார்.

வண்டி கிளம்பும் முன் நான் பயணிகளுக்கு அவரை அறிமுகப்படுத்துவது வழக்கம். "இவர்தான் டிரைவர், வடக்குக் கிராமத்துக்காரர், எங்க வீட்டுக்காரர்" என்று ஒரே மூச்சில் சொல்வேன். நாள்தோறும் சொல்லிச் சொல்லி நாக்குக்கே பழகிவிட்டது. இதுவரை எத்தனை பேர் என்னவென்று எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்களோ, நினைத்தால் மானம் போகிறது.

அது கிடக்கட்டும். நீ இங்கே எட்டிப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. வாடிக்கையாளர்களெல்லாம் வந்து போகிறார்கள், கடைக்காரிக்குத்தான் வழி தெரியவில்லை. இந்த வருஷம் காற்று பலம். நேற்று ஏரிக்கரையில் ஒருவரின் தொப்பி பறந்துபோய் ஆலாக் கூட்டத்துக்கு நடுவில் விழுந்தது. கயிற்றைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் சட்டம், அதனால் தொப்பி அங்கேயே கிடக்கிறது. அவர் வெறும் தலையோடு என்னை முறைத்துக்கொண்டே படகேறினார். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

அசடு வழிகிறது. துடைத்துவிட்டு எழுதுகிறேன். உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே, என் வாயில் நீங்களே ஒரு போடு போடுங்கள்.

தலைமையாசிரியை புது ஃபிரேம் வாங்க வந்தபோது விஷயத்தை விளக்கினேன். அவருக்குப் பெரிய ஏமாற்றம். "அப்படியா? உங்க மனைவி நல்லாப் பேசுறாங்கன்னு அவர்கிட்டயே சொன்னேனே. ஆமாங்கன்னாரே" என்றார். உங்கள் வீட்டுக்காரருக்குக் காது மந்தம் போலிருக்கிறது, மணல் புகுந்திருக்கும். அவரைக் கொஞ்சம் கண்டித்து வையுங்கள்.

உங்கள் வாலு

ஏப்ரல் 2

அருமை வாலுவுக்கு,

கண்டிக்கச் சொன்னாய். கண்டித்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை அவர் டயரில் காற்று இறக்கிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை சொன்னதைச் சொல்லி, ஏன் திருத்தவில்லை என்று கேட்டேன். அவர் நிமிரவில்லை. அடுத்த டயருக்குப் போனார். நாலும் முடிந்த பிறகுதான் பேசினார்.

"திருத்தணும்னு தோணலைங்க. உங்களுக்குத் தப்பாப் பட்டா, நாளைலேருந்து திருத்திடுறேன்."

அவ்வளவுதான். அன்று முழுக்க நான் உளறிக் கொட்டினேன். ஆலாவைக் கொக்கு என்றேன். கலங்கரை விளக்கத்துக்கு நூறு வயது கூட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஏரிக்கரையில் ஒரு பெரியவர், உங்கள் இருவருக்கும் கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டார். திருத்துவதற்கு இரண்டு சொல் போதும். நான் தூரத்தில் ஏதோ ஒரு பறவையைக் காட்டிப் பேச்சை மாற்றிவிட்டேன். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தேன் என்பது எனக்கே உறைத்தது.

உன்னிடம் மறைக்க எனக்குத் தெரியாது. போன கடிதத்தில் எழுதியபோது அது உண்மைதான். இப்போது முழு உண்மை இல்லை. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. நாற்பத்தாறு வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

அவருக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உன் அண்ணனைக் கட்டிக்கொண்டதால்தான் நீ எனக்குக் கிடைத்தாய். நான் இன்னொருவருக்கு மனைவியானால் உனக்கு நான் யார்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், அதற்கு ஒரு உறவுமுறையும் அகப்படவில்லை. வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை எழுது, நான் வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன். மிரட்டுவதாக நினைக்காதே, மனசாரத்தான் எழுதுகிறேன். வீட்டை மாற்றலாம், டிரைவரை மாற்றலாம். உன்னை இழக்க மட்டும் என்னால் முடியாது.

உன் அண்ணி

மே 7

வாலுவுக்கு,

ஐந்து வாரமாயிற்று. ஆலாக் குஞ்சுகள் நடக்கத் தொடங்கிவிட்டன, கயிற்றைப் பத்தடி தள்ளிக் கட்டியிருக்கிறோம். படகிலிருந்து தபால் பை இறங்கும்போதெல்லாம் பயணிகளை விட்டுவிட்டு ஓடுகிறேன். நேற்று என்னவோ காட்டத்தான் ஓடுகிறேன் என்று நினைத்துப் பன்னிரண்டு பேரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. திட்டியாவது எழுது.

அண்ணி

மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று மடித்துவிடாதீர்கள். உங்களுக்குத்தான்.

உண்மையைச் சொல்கிறேன், இத்தனை நாளும் கோபத்தில்தான் இருந்தேன். அழவும் அழுதேன். நீங்கள் கேட்டது தப்பென்று தோன்றவில்லை. அண்ணனுக்காகக் கோபப்பட இனி யார் இருக்கிறார்கள், நானும் விட்டுவிட்டால் எப்படி என்றுதான் தோன்றியது. வேண்டாம் என்று நாலு முறை எழுதினேன். நாலையும் கிழித்துப் போட்டேன்.

பிறகு ஒருநாள் தலைமையாசிரியை ஃபிரேமை இறுக்க வந்தார். நாற்காலி போட்டு உட்காரவைத்து, அந்தச் சுற்றுலாவை முதலிலிருந்து சொல்லுங்கள் என்றேன். பெரிய மணல்மேட்டின் சரிவில் வரும்போது, இந்தத் தடத்தை முதலில் கண்டுபிடித்தது ஒரு வழிகாட்டி என்று சொல்வீர்களாமே, யாரென்று சொல்ல மாட்டீர்களாமே. அந்த இடத்தில் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, நீங்கள் பேசி முடிக்கும்வரை நின்றாராம். மறுபடி கிளப்பும்போது சக்கரம் புதைந்து எல்லோரும் இறங்கித் தள்ளினார்களாம்.

"நின்னா புதையும்னு தெரிஞ்சவர் அங்க ஏன் நிறுத்துறார்னு எனக்குப் புரியலை" என்றார் தலைமையாசிரியை.

எனக்குப் புரிந்தது. அந்த வழிகாட்டி அண்ணன்தானே. சரிவில் மட்டும் வண்டியை நிறுத்தவே கூடாது என்று அண்ணன் எத்தனை தடவை சொல்லியிருப்பார். உள்ளே போய் லென்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்று முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இதை நீங்கள் எனக்கு எழுதவே இல்லை. அவர் எதற்காக நிற்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ.

அப்புறம் உட்கார்ந்து முறை போட்டுப் பார்த்தேன். உங்களை அண்ணி என்றே கூப்பிட்டால் அவர் எனக்கு அண்ணன் ஆகிவிடுகிறார். அது என்னால் முடியாது, எனக்கு அண்ணன் ஒருவர்தான். கூப்பிடுவதையே விட்டுவிடலாம் என்றால் நீங்கள் இல்லாமல் எனக்கு முடியாது. இரண்டு நாள் திண்டாடிய பிறகுதான் வழி தெரிந்தது. நீங்கள் அக்கா என்றால் அவர் அத்தான். அத்தான் என்றால் வாய்க்கு வந்தபடி கேலி செய்யலாம், யாரும் கேட்க முடியாது. அண்ணனும் இதற்குச் சிரித்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிப் படகில் வருகிறேன். அதுவரை அவரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். இதையெல்லாம் பெண்ணே நேரில் பேசுவது நன்றாக இருக்காது. பெண் வீட்டிலிருந்து ஆள் வந்துதான் பேச வேண்டும். நான் வந்து பேசுகிறேன்.

உங்கள் தங்கை