பூஜைக்கு அணைக்காத சர்வர்

நவம்பர் 4, 2024 - திங்கள்

காலையிலேயே பேஜார். ஆலை எடை மேடையில் லாரி ஏறி நிற்கிறது, எடை ரசீது வரவில்லை. சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. போன வாரம்தான் பழைய பேக்கப்புகளை அழித்து இடம் பண்ணினேன். இன்று மறுபடி கொஞ்சம் அழித்ததும் வண்டி நகர்ந்தது. ஆனால் எது இப்படித் தின்கிறது?

மேலாளர் துளசிராமன் சார் வாசலில் நின்றபடியே சொன்னார்: "வெள்ளிக்கெழம வரிக்கும் பாக்கறேம்மா. அப்பவும் இதே கதன்னா, இத எடைக்குப் போட்டுட்டு வேலைய மெட்ராஸ் கம்பெனிக்குக் குட்த்துடுவேன்."

அப்புறம் எனக்கு இங்கே என்ன வேலை?

நவம்பர் 5 - செவ்வாய்

எல்லா ஃபைல்களின் அளவையும் கூட்டிப் பார்த்தால் பாதி டிஸ்க்தான் வருகிறது. சர்வரோ முழுதும் நிரம்பிவிட்டது என்று சாதிக்கிறது. மீதி எங்கே?

ஒருமுறை அணைத்துப் போடலாமா என்று கேட்டேன். "எக்ஸ்போர்ட் ஆர்டர் போய்க்கினு இருக்கு. ஆஃப் பண்ற பேச்சே வாணாம்" என்றார் சார்.

கல்பனா இருந்திருந்தால்! சர்வரை நிறுவியதும் எடை ப்ரோகிராம் எழுதியதும் அவள்தான். ஆறு வருடம் எனக்கு அடுத்த நாற்காலி, கம்பெனி வேனிலும் அடுத்த சீட். மணவாள நகரில் ஏறினால் கும்மிடிப்பூண்டி வரை எங்கள் வாய் ஓயாது. சர்வர் அறைக் குளிருக்கு அவளுடைய ஸ்வெட்டரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம். வேலையை விட்டுப் புனேவுக்குப் போன புதிதில் தினமும் பேசினாள். அப்புறம் பண்டிகைக்கு. அப்புறம் அதுவும் இல்லை. சண்டைகூடப் போடவில்லை நாங்கள். அதுதான் ஆத்திரமாக வருகிறது.

நவம்பர் 6 - புதன்

மறுபடி நிரம்பியது. அழிக்க இனி எங்கள் ஆயுத பூஜைப் படங்கள்தான் பாக்கி.

நவம்பர் 7 - வியாழன்

அழிக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று திறந்தேன். நல்லவேளை திறந்தேன்!

படத்தில் சர்வர் மேல் சந்தனம், குங்குமம், பக்கத்தில் பொரித் தட்டோடு கல்பனா. ஒவ்வொரு பூஜைக்கும் அவள் சர்வரை அணைத்துவிடுவாள். "எல்லா மிஷினும் லீவுல கீது, இது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?" என்பாள். திரும்ப ஆன் செய்தால் டிஸ்க் பாதி காலியாக இருக்கும். "பாத்தியா, சரஸ்வதி வந்து பெருக்கிட்டு போயிருக்கா!" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஏன் காலியானது என்று ஒரு நாளாவது பார்த்தோமா? படித்த கழுதைகள் இரண்டு பேர்!

அவள் போன பிறகும் நான் அந்த வழக்கத்தை விடவில்லை. இந்த வருடம்தான் ஆர்டர் அவசரத்தில் பூஜையன்றும் ஆலை ஓடியது. ஓடுகிற சர்வருக்கே பொட்டு வைத்தேன்.

உடனே தேடினேன், கிடைத்துவிட்டது. எடை ப்ரோகிராம் நடப்பதையெல்லாம் ஒரு லாக் ஃபைலில் ஓயாமல் குறித்து எழுதுகிறது. ஞாயிறுதோறும் அதை அழிக்கும்படி கல்பனா ஏற்பாடு செய்திருக்கிறாள். அழிந்தது பெயர் மட்டும்தான். ப்ரோகிராம் அந்த ஃபைலை விடாமல் பிடித்துக்கொண்டு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. பெயர் இல்லாததால் என் கூட்டலில் வரவில்லை. ப்ரோகிராம் நின்றால்தான் இடம் திரும்பும். பூஜைக்குப் பூஜை சர்வரை அணைத்தபோது அது நின்றது.

நவம்பர் 8 - வெள்ளி

இரண்டு லாரிகளுக்கு நடுவே ப்ரோகிராமை மட்டும் நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். டிஸ்க் பாதி காலி! இனி ஞாயிறன்று ஃபைலை அழிக்காமல், உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்யும்படி மாற்றிவிட்டேன். சார் எட்டிப் பார்த்தார். "ஓடுதில்ல? ஓடட்டும்." அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது. வேலை தப்பியது.

பிறகு கல்பனாவைக் கூப்பிட்டேன். எடுப்பாளா என்று பயமாகத்தான் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப பெருக்கினது சரஸ்வதி இல்லியாடி?" சட்டென்று சிரிப்பு நின்றது. "இவ்ளோ நாளு ஏன் கூப்புடல, ஹேமா?"

"நீ ஏன் கூப்புடல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் விட்டுப்போன அந்த ஸ்வெட்டர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அதைப் போட்டுக்கொண்டுதான் பேசினேன்.

அக்டோபர் 1, 2025 - புதன், ஆயுத பூஜை

இந்த வருடம் ஆலைக்கு விடுமுறை. டிஸ்க் ஒழுங்காக இருக்கிறது, சர்வரை அணைக்க வேண்டிய அவசியமே இல்லை. "அப்ப எதுக்கும்மா ஆஃப் பண்றே?" என்றார் சார். "அதுக்கும் லீவு சார்!" என்று வீடியோ காலில் இருந்து கல்பனா கத்தினாள். அடுத்து என்னிடம், "கற்பூரத்த தள்ளிப் புடிடி, ஒயரு பத்திக்கப் போவுது!" அந்த ஆறு வருடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொட்டு வைத்து, அணைத்தேன். அறை அடங்கியது. அவள் மட்டும் பேசிக்கொண்டே இருந்தாள்.